முருகனுக்கு வேண்டிக்காத முடி

டேய் சடையா, என் உயிர் மச்சான் குணா,

உங்கம்மா கெளம்பிட்டாங்க. நேத்துதான் கருமாதி முடிஞ்சுது. பாடாங் செராய் வீட்டைப் பூட்டிட்டு வந்து இத எழுத உக்காந்திருக்கேன். இந்நேரம் அவங்க உன்னைக் கண்டுபிடிச்சிருப்பாங்க. இல்லாட்டி அங்க இருக்கறவங்களையெல்லாம் நிறுத்தி நிறுத்தி, "எம்மவன் குணசேகரனைப் பாத்தீங்களா? நீளமா முடி வச்சிருப்பான்"ன்னு விசாரிச்சுக்கிட்டு இருப்பாங்க. நீ அந்த முடிய வெட்டி எத்தனையோ வருசமாச்சு. அவங்களுக்கு நீ இன்னமும் அந்த முடியோடதான் நிக்கற.

கண்டுபிடிச்சதும் சாப்டியான்னு கேப்பாங்க. அதுக்கு அடுத்து உன்னை ஒன்னு கேப்பாங்க. "டேய், நெசமாவே முருகனுக்கு வேண்டிக்கிட்டியா, இல்ல பொய் சொன்னியா?" நீ வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி, இங்க நான் என்ன சொல்லி வச்சிருக்கேன்னு உனக்குத் தெரியணும். சின்ன வயசுல எங்க போய் ஊர் சுத்துனாலும் ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டுத்தானே வீட்டுக்குள்ள நுழைவோம். இப்ப நீ ஒன்னு சொல்லி நான் ஒன்னு சொல்லி மாட்டிக்கக் கூடாது பாரு.

எங்க கோயில் ஃபாதர்கிட்ட சொன்னா திட்டுவாரு. செத்தவங்களுக்காக ஜெபம் பண்ணு சூசை, கடிதாசி எழுதாதேம்பாரு. ஜெபமும் பண்ணிட்டுத்தான் இருக்கேன். ஆனா ஜெபத்துல இவ்வளவு வெவரமா பேச முடியலடா. இதப் பத்திரிகையில போடறேன்னு சொல்லியிருக்காங்க, ஊரே படிக்கும். படிக்கட்டும். அம்மா உயிரோட இருந்த வரைக்கும்தான் ஒளிச்சு வைக்க வேண்டியிருந்துச்சு.

மத்தவங்களுக்கும் புரியணும், அதனால மொதல்லேர்ந்து சொல்றேன். பொறுத்துக்க.

அப்ப நமக்குப் பள்ளிக்கூடம் முடிஞ்சிருந்துச்சு. நான் டவுன்ல டயர் கடையில வேலை. நீ செம்பனைக் குலை ஏத்துற லோரியில ஒத்தாளா போய்க்கிட்டிருந்த. பசார் மாலாம் ராத்திரிச் சந்தையில காப்பி அடிச்ச கேசட்டா வாங்கி, ஒரே ரேடியோவுல மாத்தி மாத்திப் போட்டுக் கேட்டோம். தோட்டத்துல மத்தப் பசங்கல்லாம் சினிமாப் பாட்டுக்கு உருகிக்கிட்டு இருந்தப்ப, நமக்கு மட்டும் எங்கேர்ந்து இந்தப் பைத்தியம் புடிச்சதுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. ஹெவி மெட்டல். பேரச் சொன்னாலே உங்கப்பாவுக்குப் பத்திக்கிட்டு வரும். அவரு மண்டோரு. அத்தன ஆளுங்களை அதட்டி வேலை வாங்கற மனுசனுக்கு, சொந்த வீட்ல ஒரு பய தோளுக்குக் கீழ முடியத் தொங்க விட்டுக்கிட்டுத் திரியறது பொறுக்குமா?

சுங்கை பட்டாணியில கச்சேரின்னு நோட்டீஸ் வந்து, நாம ரெண்டு பேரும் தரையில கால் பாவாம அலைஞ்ச நேரம். ஒரு சாயங்காலம் உங்க வீட்டு அடுப்பங்கரையில நான் உக்காந்து கோழிக் கறியும் சோறும் தின்னுக்கிட்டு இருந்தேன். உங்கப்பா, அம்மாவோட தையல் கத்தரிக்கோலை எடுத்துக்கிட்டு வந்து, பின்னாலேர்ந்து உன் முடிய ஒரு கையால கொத்தாப் புடிச்சாரு. "இன்னிக்கு நீயா நானா பாத்துடறேன்!"

"அப்பா, தொடாதீங்க! அது சாமி முடி! முருகனுக்கு வேண்டிக்கிட்டிருக்கேன்!"

எனக்குக் கோழி எலும்பு தொண்டையில மாட்டிக்கிச்சுடா. உங்கப்பா கை அப்படியே நின்னுடுச்சு. அம்மா கரண்டியோட திரும்பி, "எதுக்குடா வேண்டிக்கிட்ட?"ன்னு கேட்டாங்க. நீ என்னைப் பாத்த. நான் என்னத்தச் சொல்றது, இருமிக்கிட்டு இருக்கேன். அப்புறம் அம்மாவைப் பாத்த. அம்மாவுக்கு அப்ப வயித்துல கட்டி. அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரியில ஆபரேஷனுக்குத் தேதி குடுத்திருந்தாங்க. நின்னாலும் நடந்தாலும் ஒரு கை வயித்து மேலதான் இருக்கும். நீ அந்தக் கையப் பாத்துட்டுச் சொன்ன. "உனக்காகத்தான்மா. உன் உடம்பு நல்லாவணும்னு."

அம்மா கரண்டிய வச்சுட்டுத் தரையில உக்காந்து ஓன்னு அழுதாங்க. உங்கப்பா கத்தரிக்கோலை டிவி மேல வச்சுட்டு வாசலுக்குப் போய் சிகரெட் பத்த வச்சாரு. வேலை கெடைக்கணும்னு சொல்லியிருக்கலாம். லைசென்ஸ் எடுக்கணும்னு சொல்லியிருக்கலாம். ஏன்டா போயும் போயும் அதச் சொன்ன?

சொன்னதுக்கு நல்லா அனுபவிச்ச, அதையும் ஊரு தெரிஞ்சுக்கட்டும். அன்னிலேர்ந்து உன் தலை உனக்குச் சொந்தமில்ல. வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை எண்ணெய் தேச்சு, சீயக்கா போட்டு, சாம்பிராணி பொகையில காய வச்சு அம்மாதான் சீவி விடுவாங்க. கறி, மீன் எல்லாம் நின்னு போச்சு. வேண்டுதல்காரன் இருக்கற வீட்ல கவிச்சி கூடாதுன்னு எனக்கும் சேத்து நிறுத்திட்டாங்க. நீ சொன்ன பொய்க்கு என் கோழிக் கறி போச்சு. எதுத்த வீட்டு அக்கா உன்னைப் பாத்து, "பெத்தா இப்படி ஒரு புள்ளையப் பெக்கணும்"ன்னு சொன்னப்ப நீ தலையக் குனிஞ்சுக்கிட்ட. வெக்கம்னு அவங்க நெனச்சாங்க.

கச்சேரியன்னிக்கு, சுங்கை பட்டாணிக்குப் போறேன்னு மட்டும் சொன்னப்ப அம்மா தடுக்கவே இல்ல. உன் முடிய இழுத்துக் கட்டிக் கொண்டை போட்டு விட்டாங்க. "போய்ட்டு வா. கண்ட பயலும் முடியத் தொடக் கூடாது"ன்னாங்க. மண்டை ஓடு போட்ட கறுப்புச் சட்டை, மேல கொண்டை. பஸ்ல ஒரு அம்மா, "தம்பி, வேண்டுதலா?"ன்னு பாசமா கேட்டாங்க. "ஆமாக்கா"ன்ன. நான் ஜன்னல் பக்கம் திரும்பி வாயப் பொத்திச் சிரிச்சேன். விலாவுல முழங்கையால ஒன்னு விட்ட பாரு, மூச்சு நின்னுடுச்சு.

மூடிக் கெடந்த ஒரு பழைய படக்கொட்டகையிலதான் கச்சேரி. நாற்காலியெல்லாம் புடுங்கிட்டு வெறுந்தரையா விட்டிருந்தானுங்க. ஹெவி மெட்டல்னா நடுராத்திரி, பொகை, பேய் பிசாசுன்னு நெனைக்கறவங்களுக்குச் சொல்றேன், நம்ம கெடா மாநிலத்துல அது மத்தியானம் சோறு தின்னுட்டுப் போய், வெளக்கு வைக்கறதுக்குள்ள வீடு திரும்பற சமாச்சாரம். உள்ள மலாய்ப் பசங்கதான் நெறைய. சீனப் பசங்க கொஞ்சம். நம்ம ஆளுங்கன்னு பாத்தா நீயும் நானும்தான். ஒருத்தன் வந்து உன் தோளுல கை போட்டு, "ஹாங் புன் டெங்கா மெட்டல் கா?"ன்னு நம்ம ஊரு மலாய்ல ஆச்சரியப்பட்டான், நீயும் மெட்டல் கேப்பியான்னு. என்னமோ விருது குடுத்த மாதிரி ரெண்டு பேரும் நெஞ்ச நிமித்திக்கிட்டு நின்னோம்.

டிரம்ல மொத அடி விழுந்துச்சு பாரு. கேசட்ல கேட்டதெல்லாம் ஒரு கேக்கறதே இல்லடா. வயித்துக்குள்ள யாரோ மேசைய இழுத்துப் போடற மாதிரி இருந்துச்சு. தகரக் கூரை அதிருது, சூடுன்னா சூடு, சட்டை உடம்போட ஒட்டிக்கிச்சு. சுத்தி இருக்கறவன்லாம் முடிய விரிச்சுப் போட்டு ஆடறான். நீ மட்டும் கையக் கட்டிக்கிட்டு, கொண்டையோட, கல்யாண வீட்டுக்கு வந்த மாமா மாதிரி நிக்கற. "அவுத்து விடுடா!"ன்னு கத்தினேன். என் காதுல வாய வச்சு, "சாமி முடிடா"ன்ன. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். நீ சிரிக்கல.

சாயங்கால அசார் தொழுகைக்குப் பாங்கு சொன்னாங்க. டக்குன்னு எல்லாத்தையும் நிறுத்திட்டானுங்க. அவ்வளவு நேரம் பேய் புடிச்ச மாதிரி ஆடின பயலுங்க, மொகத்தக் கழுவிக்கிட்டு பக்கத்துல சூரான்னு இருந்த சின்னப் பள்ளிவாசலுக்குத் தொழப் போனானுங்க. நாம வெளியில வெயில்ல உக்காந்து ரோஸ் சிராப் தண்ணி குடிச்சோம். காது ரெண்டும் கொய்ங்குன்னு இருந்துச்சு. எனக்கு அந்த இரைச்சல் இன்னமும் லேசா இருக்கு, கிளினிக்ல கேட்டா இனிமே போகாதுங்கறாங்க. போக வேணாம்னு நானும் விட்டுட்டேன்.

கடைசியா வாசிச்சவனுங்க ஏறினப்பதான் நீ கொண்டைய அவுத்த. யாரும் சொல்லல, நீயாத்தான் அவுத்த. அவுத்துட்டு ஒரு நிமிசம் அந்த முடிய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு நின்ன. அப்புறம் விட்ட. அம்மா தேச்ச எண்ணெயும் சாம்பிராணியும் அந்த வேர்வை நாத்தத்துக்கு நடுவுல குப்புன்னு அடிச்சுது. பக்கத்துல ஆடிக்கிட்டு இருந்த மலாய்க்காரப் பையன் ஆடறத நிறுத்திட்டு, என்ன ஷாம்பூ போடறன்னு கேட்டான்! நீ பதில் சொல்ற நெலமையிலயா இருந்த? கண்ண மூடிக்கிட்டு, தலை முன்னாலயும் பின்னாலயும் போய் வருது, வாய் நெறையச் சிரிப்பு. நானும் ஆடினேன். என் வாழ்க்கையில அவ்வளவு சந்தோசமா நான் இருந்ததில்லடா. கல்யாணத்தன்னிக்கும் இல்ல. என் வீட்டுக்காரி பத்திரிகை படிக்கறதில்லங்கற தைரியத்துல எழுதறேன்.

அவ்வளவுதான் மச்சான் நம்ம ஹெவி மெட்டல். ஒரு மத்தியானம். அந்தக் கொட்டகையில இப்ப சோபா, கட்டில் விக்கறான்.

அடுத்த வாரமே அம்மாவுக்கு ஆபரேஷன். கட்டிய எடுத்துட்டாங்க, பயப்படற கட்டி இல்லன்னுட்டாங்க. அம்மா கண்ணு முழிச்சதும் உன் தலையத்தான் தடவிப் பாத்தாங்க. தைப்பூசத்துக்கு மொட்டைன்னு முடிவாச்சு. அதுக்குள்ள கூலிம் பக்கம் ஒரு பேக்டரியில ஆளெடுத்தாங்க. முடி காலர்ல பட்டாலும் வேலை கெடையாதுன்னு சொல்லிட்டாங்க. உங்கப்பாவுக்கு அப்ப மூச்சு வாங்க ஆரம்பிச்சிருந்துச்சு, வீட்ல ஒருத்தர் சம்பாதிச்சே ஆவணும். பாடாங் செராய் முடி வெட்டுற கடையில நீ உக்காந்த, நான் பின்னால பெஞ்சுல. கண்ணாடியில உன் மொகத்த நான் பாக்கல, பேப்பரை விரிச்சு வச்சுக்கிட்டேன். வீட்டுக்கு வந்தப்ப அம்மா தலையில அடிச்சுக்கிட்டாங்க. "சாமிக்குக் குடுத்தத குப்பையில போட்டுட்டு வந்திருக்கியே!"ன்னு. "அடுத்த வருசம் பாத்துக்கலாம்மா"ன்ன. அதுக்கு அடுத்த வருசமும் அதையேதான் சொன்ன. இல்லாத வேண்டுதலுக்கு யாராவது மொட்டை போடுவாங்களா? பத்து வருசம் கழிச்சும் தைப்பூசம் வந்தா அம்மா உன் தலையப் பாப்பாங்க. நீ கேலண்டரைப் பாப்ப.

அப்பா போனாரு. தோட்டத்து வீட்டை விட்டுட்டு நீயும் அம்மாவும் பாடாங் செராய் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்தீங்க. நீ கல்யாணம் வேணாம்னுட்ட. ஷிப்ட், ஓவர்டைம், வீடு. அப்புறம் அந்த நாள்.

வேலை முடிஞ்சு வந்து காடிய வாசல்ல நிறுத்தின. எஞ்சின் ஓடிக்கிட்டே இருந்துச்சு. போன்ல பேசிக்கிட்டு இருக்கான்னு நெனச்சு அம்மா டீ ஆத்தி வச்சிருக்காங்க. டீ ஆறிப் போச்சேன்னு கூப்பிடப் போயிருக்காங்க. எனக்குப் போன் பண்ணினாங்க. "சூசை, குணா எந்திரிக்க மாட்டேங்கறான்பா"ன்னு, நீ லீவு நாள்ல தூங்கறப்ப சொல்ற அதே கொரல்ல சொன்னாங்க.

நீ போன பிறகு அவங்க ஒரே பேச்சதான் பேசினாங்க. நான் போறப்பல்லாம் அதையே. ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சு நேரா அங்கதான் போவேன், உனக்குத் தெரியாது இல்ல? ஒரு ஞாயிறு நெத்திலி தலைய கிள்ளிப் போட்டுக்கிட்டே சொன்னாங்க, "இந்தத் தைப்பூசத்துக்கு நான் மொட்ட போடப் போறேன். அவன் வேண்டுதல் பாக்கி நிக்குதுல்ல?"

"அம்மா, சக்கரை வியாதிம்மா உங்களுக்கு. கால்ல புண்ணு வேற. அந்தக் கூட்டத்துல எங்கம்மா..."

"அவன் எனக்காக வேண்டிக்கிட்டான். முருகன் என்னைப் பொழைக்க வச்சான். நாங்க முடியக் குடுக்கல. அதான் ஆளையே எடுத்துக்கிட்டான். என் உசுருக்கு எம்புள்ள உசுரு. அன்னிக்கே நான் செத்திருந்தா அவன் இருந்திருப்பான்லப்பா."

எத்தனை ஞாயிறுடா நான் அதக் கேக்கறது? பெத்தவங்க வாயால அதக் கேட்டுட்டு எப்படி அவங்க போட்ட சோத்தத் திங்கறது? அன்னிக்கு என்னால முடியல. சொல்லிட்டேன்.

"வேண்டுதலே இல்லம்மா. அவன் அன்னிக்குப் பொய் சொன்னான். அப்பா முடிய வெட்டிடுவார்னு பயந்து வாய்க்கு வந்தத சொல்லிட்டான். கச்சேரிக்குப் போறதுக்கு முடி வேணும்னு."

"என்ன கச்சேரி?"

உங்கம்மாவுக்கு ஹெவி மெட்டல்னா என்னன்னு நீ வெளக்கிச் சொல்லிப் பாரு, அப்ப தெரியும். கித்தார் வாசிப்பாங்கம்மா, கத்துவாங்கன்னேன். யாரைப் பாத்துக் கத்துவாங்கன்னு கேட்டாங்க. யாரையும் இல்லம்மா, பொதுவாத்தான். ஏன், என்ன கோவம்னு கேட்டாங்க. நமக்கு அப்ப என்னடா கோவம்? முடி எதுக்குன்னு கேட்டாங்க. தலைய ஆட்டறதுக்கு. சாமி வந்து ஆடற மாதிரியான்னு கேட்டாங்க. இல்லம்மா, அங்க சாமியெல்லாம் இல்ல, வெறும் சத்தம்தான்னேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன். பஸ்ல போனது, கொண்டைய அவுத்தது, ஷாம்பூ கேட்டது, எல்லாம்.

நெத்திலிய கிள்ளறத நிறுத்தவே இல்ல. தலைய நிமித்தாம, "அப்ப நான் பொழச்சது?"ன்னாங்க.

"டாக்டருங்க பொழைக்க வச்சாங்கம்மா."

"அப்ப அவன் எதுக்குச் செத்தான்?"

"ரத்தக் குழாய் அடைச்சுக்கிச்சும்மா. அன்னிக்கே சொன்னாங்கள்ல."

"அது எப்படிச் செத்தான்னு. எதுக்குச் செத்தான்னு கேக்கறேன்."

குணா, நான் பொறந்ததுலேர்ந்து கோயிலுக்குப் போறவன். ஆண்டவர் சித்தம்னு ஆயிரம் சாவு வீட்ல சொல்லியிருக்கேன். அன்னிக்கு அத மட்டும் சொல்லலடா. அவங்க மேல இருந்த பழிய எடுத்துட்டா நிம்மதியா இருப்பாங்கன்னு நெனச்சேன். அத எடுத்தப்ப அவங்ககிட்ட மிச்சம் இருந்த ஒரே காரணத்தையும் சேத்து எடுத்துட்டேன். நீ அவங்களுக்காகச் செத்தன்னு நெனச்ச வரைக்கும் அழுதாங்க. நீ சும்மாவே செத்துட்டன்னு கேட்டப்ப அழுகையே வரல. கை நின்னு போச்சு. அந்த மொகத்த நான் செத்தாலும் மறக்கமாட்டேன்.

அப்புறம் என்னை நிமிந்து பாத்தாங்க. "சூசை, என் கால் புண்ணைப் பாத்துட்டு, நான் மொட்ட போடக் கூடாதுன்னுதானே இப்படியெல்லாம் கட்டி விடற?"

கேட்டாங்களா கெஞ்சினாங்களான்னு தெரியல.

"ஆமாம்மா"ன்னேன். "பொய்தான் சொன்னேன்."

"எனக்குத் தெரியும்டா. எம்புள்ள சாமி விசயத்துல பொய் சொல்லமாட்டான்." சொல்லிட்டு எந்திரிச்சுப் போய் எனக்குச் சோறு போட்டாங்க. நெத்திலி சம்பல். எப்படித் தின்னேன்னு கேக்காத.

தைப்பூசத்துக்கு நான்தான் கூட்டிட்டுப் போனேன். சக்கர நாற்காலியில வச்சுத் தள்ளினேன், அதுக்கு வழியெல்லாம் திட்டு. முருகனைப் பாக்க உக்காந்துக்கிட்டா போவாங்கன்னு. மொட்டை போடற கொட்டாயில முடி எடுக்கறவர், "பாட்டி, யாரு வேண்டுதல்?"னு கேட்டார். "எம்மவன் வேண்டிக்கிட்டது. அவனுக்கு நேரமில்ல, அதான் நான் வந்திருக்கேன்"னாங்க. நீ என்னமோ ஷிப்ட்ல இருக்கற மாதிரி. வெள்ளை முடி கொஞ்சமா, பஞ்சு மாதிரி விழுந்துச்சு. என் கையப் புடிச்சிருந்தாங்க. சந்தனம் பூசிட்டு என்னைப் பாத்து, "உனக்கு அவங்க ஒன்னும் எடுக்க வேண்டியதில்ல"ன்னாங்க. எனக்குத்தான் ஆண்டவரே மொட்டை போட்டுட்டாரே. ரெண்டு பேரும் சிரிச்சோம். நீ போன பிறகு அன்னிக்குத்தான் அவங்க சிரிச்சு நான் பாத்தேன்.

அதுக்கு அப்புறம் அந்தப் பேச்ச அவங்க எடுக்கல. என் உசுருக்கு அவன் உசுருன்னு ஒரு தடவை கூட சொல்லல. நல்லாத் தூங்கினாங்க. மீன் கொழம்பு கேட்டு வாங்கிச் சாப்ட்டாங்க. சரி, என் பொய் வேலை செஞ்சுதுன்னு நான் நெனச்சுக்கிட்டேன்.

அப்புறம் கிட்னி போச்சு. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா அலைஞ்சோம். கடைசியா நெனவோட பேசினப்ப, பக்கத்துல கூப்ட்டாங்க. மொட்டைத் தலையில முடி சின்னதா மொளச்சிருந்துச்சு.

"சூசை, அன்னிக்கு நீ சொன்னியே ஒரு கச்சேரி."

நான் குனிஞ்சு காதக் குடுத்தேன்.

"அதுல குணா சிரிச்சானா?"

"சிரிச்சாம்மா. வாய் நெறைய."

"நல்லாருந்தானா?"

"ரொம்ப நல்லாருந்தாம்மா."

தலைய ஆட்டிக்கிட்டாங்க. "சரி. மீதிய அவன்கிட்டயே கேட்டுக்கறேன்"ன்னு சொல்லிட்டுக் கண்ண மூடிக்கிட்டாங்க.

பாத்தியா? நான் சொன்னது எது உண்மை, எது பொய்ன்னு அவங்களுக்கு அன்னிலேர்ந்தே சந்தேகம். ரெண்டையும் வச்சுக்கிட்டு, ஒன்னையும் எங்கிட்ட காட்டிக்காம, ஞாயித்துக்கெழமை ஆனா எனக்குச் சோறு போட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. என்ன மனுசிடா அவங்க!

அதனால உன்கிட்ட கேக்கப்போறாங்க. ஆமாம்மா, நெசமாத்தான் வேண்டிக்கிட்டேன்னு சொல்லிடுன்னு எழுதத்தான் இந்தக் கடிதத்தையே ஆரம்பிச்சேன். இவ்வளவு தூரம் எழுதினதுக்கு அப்புறம் எனக்கே கை ஓட மாட்டேங்குது. நீ வேண்டிக்கலன்னு நான் எத வச்சு அவ்வளவு உறுதியா சொன்னேன்? கத்தரிக்கோலுக்குப் பயந்து சொன்ன, அது எனக்குத் தெரியும். அதுக்கு அப்புறம்? அம்மாவை ஆபரேஷனுக்கு உள்ள தள்ளிட்டுப் போனப்ப நீ ஆஸ்பத்திரி பெஞ்சுல ரெண்டு கையாலயும் தலையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்த. நான் பக்கத்துலதான் இருந்தேன். என்னடா நெனைக்கறன்னு நான் கேக்கல. அதுக்கு அப்புறம் இத்தன வருசத்துல ஒரு நாளும் கேக்கல. எல்லாம் தெரிஞ்ச மாதிரி, நீ செத்த பிறகு உங்கம்மாகிட்ட போய் உன் நெஞ்சுக்குள்ள இருந்ததச் சொல்லிட்டு வந்திருக்கேன். நெசமா என்னடா பண்ணின? வேண்டிக்கிட்டியா?

வேணாம், எனக்குச் சொல்லாத. அவங்களுக்கு மட்டும் சொல்லு. உண்மையச் சொல்லுவியோ பொய்யச் சொல்லுவியோ, அது உன் பாடு, அவங்க உன்னைப் பெத்தவங்க. நான் வாக்குக் குடுக்கறேன், இனிமே யாருகிட்டயும் உனக்காக நான் பதில் சொல்லமாட்டேன். ஒரு நாள் நானும் அங்க வருவேன். அம்மா என்னை நிறுத்தி, "சூசை, நீ சொல்லு"ன்னு கட்டாயம் கேப்பாங்க. நீ முன்னாடியே ஓடி வந்து என்ன சொல்லியிருக்கன்னு என் காதுல சொல்லிடு. என்னவா இருந்தாலும் சரி, அதையே நானும் சொல்றேன்.

உங்கம்மா சோத்துல பாதியத் தின்னு வளந்த,
உன் மச்சான்,
சூசை